நீருக்கு ஒரு வழி

மாமா துணியைத் தொடவில்லை. சோப்பு வாளியையும் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்தார். ரப்பர் மரத்தில் பால் கோப்பையைத் தாங்கக் கட்டுவார்களே, அந்தக் கம்பி. அதை நிமிர்த்தி, நுனியை மட்டும் லேசாக மடக்கி வைத்திருந்தார். கோலா சிலாங்கூரில் புக்கிட் ரோத்தானுக்கு அப்பால், கூரை ஓட்டையான ஒரு தோட்டக் கொட்டகையில் எங்கள் வேன் நின்றிருந்தது. 1974ஆம் ஆண்டு வோல்க்ஸ்வேகன். கூரையைத் தூக்கினால் உள்ளே படுக்கலாம், சமைக்கலாம். மாமா தரையில் சாக்கை விரித்து, முன்கதவுக்கு அடியில் மல்லாந்து படுத்தார்.

கதவின் அடி விளிம்பில், விரல் நுழையாத ஒரு துளை இருந்தது. கம்பியை விட்டுக் கிண்டினார். கறுத்த சேறு கட்டியாக விழுந்தது. அதன் பின்னாலேயே தேநீர் நிறத்தில் தண்ணீர் இறங்கியது. ஒரு கோப்பை அளவு இருக்கும்.

“மழை பெஞ்சு ரெண்டு நாளாச்சு தம்பி. தண்ணி இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருக்கு. காடிய அப்புறம் கழுவிக்கலாம். மொதல்ல கான வெட்டு” என்றார்.

மாமா இளவயதில் தோட்டத்தில் கான், அதாவது வடிகால், வெட்டும் வேலை செய்தவர். அவருக்கு உலோகவியல் தெரியாது. ஆனால் அந்தச் சாக்கில் படுத்துக்கொண்டு அவர் சொன்னதுதான் இந்த அத்தியாயத்தின் அறிவியல் முழுவதும். இரும்பைக் கெடுப்பது மழையல்ல, போக வழியில்லாமல் தங்கிவிடும் நீர். பழைய வண்டியை மீட்பவர், நீர் எங்கே தங்குகிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு பெட்டியின் வரலாறு

1947 ஏப்ரல் 23ஆம் தேதி, பென் போன் என்ற டச்சுக்காரர் தம் குறிப்பேட்டில் ஒரு வண்டியின் படத்தைக் கிறுக்கினார். அவர் நெதர்லாந்தில் வோல்க்ஸ்வேகன் இறக்குமதி செய்தவர். கிட்டத்தட்ட முழு ரொட்டி போல ஒரு பெட்டி; முன்னால் ஓட்டுநர், பின்னால் எஞ்சின், நடுவே சரக்கு. 1950 மார்ச்சில் அந்தப் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் நிறுவனம், அதற்குள் படுக்கையும் அலமாரியும் வைத்து, வண்டியையே வீடாக்கும் வேலையில் இறங்கியது. 1967இல் முகப்புக் கண்ணாடி இரண்டு துண்டாக இருந்தது மாறி, வளைந்த ஒற்றைக் கண்ணாடி வந்தது. எங்கள் வேன் அந்த இரண்டாம் தலைமுறை. ஜெர்மனியில் 1979இல் நின்றுபோன அந்த வடிவம், பிரேசிலில் 2013 வரை உற்பத்தியாகிக்கொண்டிருந்தது.

நம் பக்கத்தில் சேம்பியன் மோட்டார்ஸ் என்ற நிறுவனம் வோல்க்ஸ்வேகன் வண்டிகளை விற்றது. கொம்பி என்று நாம் அழைக்கும் இந்த வேன் என்றால் இன்றும் மலேசியாவில் குழந்தைகளுக்குக்கூட முகம் தெரியும்.

இந்தப் பெட்டியின் கட்டமைப்பில் ஒரு செய்தி முக்கியமானது. லோரிக்கு இருப்பது போல இதற்குத் தனிச் சட்டம் கிடையாது. ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனுள்ள எஃகுத் தகடுகளை மடித்து, குழல்களாக்கி, புள்ளி புள்ளியாகப் பற்றவைத்திருக்கிறார்கள். தரைக்கு இருபுறமும் ஓடும் மூடிய குழல்கள்தான் வண்டியின் முதுகெலும்பு. தனித்தனித் தகடு மெலிதுதான். குழலாக மடிந்தவுடன் மூங்கிலைப் போல வலுவாகிவிடுகிறது. ஆனால் மூங்கிலின் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே இருந்து தெரியாது. அந்தக் குழல்களுக்குள் நீர் புகுந்தால் கண்ணுக்குப் படாமல் உள்ளிருந்து அரிக்கும். வெளியே வண்ணம் பளபளக்கும். விரலால் அழுத்தினால் தகடு அப்பளம் போல நொறுங்கும்.

ஒரு சொட்டு உப்பு நீர்

இரும்பு பூமியில் பெரும்பாலும் இரும்பாகக் கிடைப்பதில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து, செம்மண்ணாகவும் செந்நிறப் பாறையாகவும் உறங்குகிறது. உலையில் கரியோடு சேர்த்துப் ஆயிரம் பாகையைத் தாண்டிய வெப்பத்தைச் செலுத்தி அந்த ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கிறோம். அப்படிச் செலுத்திய ஆற்றல் இரும்புக்குள் கடனாக இருக்கிறது. துருப்பிடிப்பது என்பது இரும்பு அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மண்ணுக்குத் திரும்புவதுதான்.

அது திரும்பும் வழியை வீட்டிலேயே பார்க்கலாம். நன்றாகத் தேய்த்துத் துடைத்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்பு நீரை வையுங்கள். ஓரிரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஆக்சிஜன் அதிகம் படுவது சொட்டின் விளிம்பில்தான். ஆகவே அங்கேதான் துரு பிடிக்கும் என்று மனம் சொல்லும். ஆனால் நடப்பது வேறு. சொட்டின் நடுப்பகுதியில் இரும்பு கரைந்து குழியாகிறது. விளிம்புக்கும் நடுவுக்கும் இடையே துரு ஒரு வளையமாகப் படிகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யூலிக் எவன்ஸ் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த ஒரு சொட்டை வைத்துத்தான், துரு என்பது ஒரு மின் நிகழ்வு என்பதைத் தெளிவாகக் காட்டினார்.

காரணம் இதுதான். விளிம்பில் ஆக்சிஜன் நிறைய இருக்கிறது. அது நீரோடு சேர்ந்து இரும்பிலிருந்து எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. அந்த எலெக்ட்ரான்களைக் கொடுப்பது ஆக்சிஜன் எட்டாத நடுப்பகுதி. கொடுத்துக் கொடுத்து அது கரைகிறது. எலெக்ட்ரான் இரும்பு வழியே ஓடுகிறது, அயனிகள் நீர் வழியே நகர்கின்றன, சுற்று முழுமையாகிறது. உப்பு சேர்ந்தால் நீரின் மின்கடத்தும் திறன் கூடி, ஓட்டம் வேகம் பிடிக்கிறது. ஒரு சொட்டு நீருக்குள் ஒரு மின்கலம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு வண்டியின் கதவு அடியைப் பாருங்கள். தகடும் தகடும் மடியும் இடுக்கில் சேறு நிற்கிறது. சேற்றுக்கு வெளியே காற்று. சேற்றுக்கு அடியில் காற்றில்லை. அடியில் உள்ள இரும்பு கரையத் தொடங்குகிறது. சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது மட்டுமல்ல, ஆக்சிஜனையும் தடுத்து, எந்த இடம் கரைய வேண்டும் என்று குறித்தும் கொடுக்கிறது. உருவாகும் துரு, கரைந்த இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கும். ஆகவே அது இடுக்கை உள்ளிருந்து நெம்பித் திறக்கிறது. திறந்த இடுக்கில் இன்னும் சேறு புகுகிறது. வண்ணத்தில் கொப்புளம் தெரியும் நேரத்தில் உள்ளே வேலை பாதி முடிந்திருக்கும்.

கோலா சிலாங்கூரின் காற்று இந்த வேலைக்கு ஓய்வே கொடுப்பதில்லை. சுத்தமான இரும்பு துருப்பிடிக்கக் காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். இங்கே ஆண்டு முழுவதும் சராசரி 80ஐ ஒட்டியே இருக்கிறது. விடியற்காலையில் அதற்கும் மேல். இதற்கு மேல் உப்பு. மலாக்கா நீரிணை நம் கரையில் பொங்கி அடிப்பதில்லை. சேற்றுத் திட்டும் கண்டல் காடும் அலையை வாங்கிக்கொள்கின்றன. அலை உடைந்து குமிழி வெடிக்கும்போதுதான் உப்புத் துகள் காற்றில் ஏறும் என்பதால், சென்னையின் மெரினா போன்ற திறந்த கடற்கரையைவிட இங்கே காற்றில் உப்பு குறைவுதான். ஆனாலும் பெரிய அலையேற்ற நாட்களில் கரையோரச் சாலைகளில் கடல்நீர் ஏறுகிறது. அதில் ஓடும் வண்டியின் அடி முழுக்க உப்பு ஒட்டுகிறது. கடலுப்பில் பெரும்பகுதி சோடியம் குளோரைடு. காற்றின் ஈரம் 75 விழுக்காட்டைத் தொட்டால் அது தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். உடன் இருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். அதாவது கோலா சிலாங்கூரில் அந்த உப்பு உலர்ந்து கிடக்கும் நாளே இல்லை. மழையில்லாத உச்சி வெயிலிலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் தகட்டின் மேல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

கான்

இந்த மாவட்டத்துக்கு நீர் என்றால் என்ன என்று தெரியும். வட சிலாங்கூரின் கரையோரத் தோட்டங்கள் பலவும் ஒரு காலத்தில் சதுப்பு நிலம். ரப்பரும் தென்னையும் செம்பனையும் அங்கே வேர்விட வேண்டுமானால், முதலில் நீர் போக வேண்டும். தேங்கிய நீரில் மண்ணின் துளைகள் அடைபட்டு, வேருக்கு மூச்சுக்காற்று கிடைக்காமல் அழுகும். ஆகவே கடல் பக்கம் கரை எழுப்பினார்கள். உள்ளே கான் வெட்டினார்கள்: மர வரிசைக்கு இடையே சிறு கான், அவை சேரும் பெரிய கான், அதன் முடிவில் தண்ணீர்க் கதவு. கடல் வற்றும்போது கதவு திறந்து நீர் வெளியேறும், ஏறும்போது மூடிக்கொள்ளும். இடுப்பளவு சேற்றில் நின்று அந்தக் கான்களை வெட்டியவர்களில் பலர் தமிழர்கள். வெட்டியதோடு வேலை முடிந்துவிடாது. வண்டல் படியும், புல் முளைக்கும். ஆண்டுதோறும் தூர் வாரவேண்டும். வாராத கானில் நீர் நின்றால், மரத்தின் இலை மஞ்சளாவதை வைத்தே எந்தக் கான் அடைபட்டது என்று சொல்லிவிடுவார்கள்.

வண்டியைக் கட்டியவர்களும் இதையே செய்திருக்கிறார்கள். கண்ணாடிப் பட்டையின் ரப்பரைத் தாண்டி நீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே கதவின் அடியில் துளை வைத்தார்கள். கூரை ஓரமெங்கும் ஒரு நீர்த் தடம். முகப்பில் காற்று வாங்கும் கட்டத்துக்கு அடியில் நீர் வடியும் வழி. தரைக் குழல்களின் அடியில் துளைகள். ஒவ்வொன்றும் ஒரு கான். பல ஆண்டுத் தூசி, இலைச்சருகு, செம்பனைப் பூவின் உமி எல்லாம் சேர்ந்து அவற்றை அடைத்துவிட்டன. இந்த வண்டியில் துரு தின்ற இடங்களை வட்டமிட்டால், அடைபட்ட துளைகளின் வரைபடம் கிடைத்துவிடும்.

மாமாவும் நானும் முதல் நாள் முழுவதும் அந்த வரைபடத்தைத்தான் போட்டோம். கம்பியால் ஒவ்வொரு துளையாகத் திறந்து, மேலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது எங்கே வெளிவருகிறது என்று பார்த்தோம். வராத இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டோம். பழைய வண்டியை வாங்கப் போகிறவர்களுக்கும் இதுவே என் ஆலோசனை. வண்ணத்தைப் பார்க்காதீர்கள். ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு கம்பியும் கொண்டு போங்கள்.

அழுக்கு எங்கே போகிறது?

கழுவும் வேலை அதன் பிறகுதான். கழுவுவதற்கு முன் இரண்டு தூசிகளை நினைவில் வையுங்கள். அக்கால பிரேக் கட்டைகளிலும் கிளட்ச் தட்டுகளிலும் அஸ்பெஸ்டாஸ் இழை இருந்தது. பிரேக் உருளைக்குள் படிந்த சாம்பல் நிறத் தூசியைக் காற்றடித்து ஊதினால் அந்த இழைகள் நுரையீரலுக்குள் போய்ப் பல பத்தாண்டுகள் தங்கும். முகமூடி அணிந்து, நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிட வேண்டும். அதேபோல அக்கால மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வண்ணங்களில் ஈயக் குரோமேட் நிறமி பரவலாக இருந்தது. வண்ணத்தை உலர்வாகத் தேய்க்காமல் நீர் விட்டுத் தேய்ப்பதே நல்லது.

எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு எப்படி எடுக்கிறது என்பது செம்பனை நாட்டில் வாழ்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய வேதியியல். எண்ணெய்க்கும் நீருக்கும் ஒட்டாது. சோப்பு மூலக்கூற்றின் ஒரு முனை நீரோடு சேரும். நீண்ட வால் எண்ணெயோடு சேரும். ஆயிரக்கணக்கான வால்கள் ஓர் எண்ணெய்த் துளியைச் சூழ்ந்து கொள்ள, வெளியே பார்த்திருக்கும் தலைகள் அதை நீருக்குள் இழுத்துச் செல்கின்றன. அந்த வால் பெரும்பாலும் ஒரு கொழுப்பு அமிலத்தின் சங்கிலி. உலகின் சோப்புகளில் பெரும் பங்குக்கு அது செம்பனையிலிருந்துதான் வருகிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தென்னமரம் தோட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தையில் தொடங்கியது. இன்று அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அது எங்கள் கொட்டகைக்கு உள்நாட்டுப் பக்கம், ஆற்றின் மேலே இருக்கிறது.

வேனின் உள்ளே பூசணம். இருக்கையின் வினைல் உறையை மிருதுவாக வைக்கச் சேர்க்கும் பொருளையே பூசணம் உணவாக்கிக்கொள்ளும். அதற்கு வேண்டியதெல்லாம் நீங்காத ஈரம். பலர் உடனே பிளீச்சைத் தேடுவார்கள். எஃகுக்கு அருகில் அது வேண்டாம். பிளீச் தன் வேலையை முடித்ததும் குளோரைடு உப்பை விட்டுச்செல்கிறது. கடல் செய்யாததை நாமே செய்தவர்களாவோம். வினிகரோடு கலந்தால் குளோரின் வாயு வரும். அமோனியாவோடு கலந்தால் குளோரமீன் வரும். இரண்டும் மூச்சைப் பிடிக்கும் நஞ்சு. மென்மையான சோப்பு நீர், ஈரத்துணி, பிறகு நாள் முழுக்க வெயிலும் விசிறியும் போதும். ஈரம் போனால் பூசணம் வளராது. ஊறிப்போன பஞ்சையும் ஒட்டுப்பலகையையும் மட்டும் வருந்தாமல் எறிந்துவிட வேண்டும்.

அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் பலமுறை கழுவினோம். குளோரைடு உப்புகள் நீரில் கரைபவை. கழுவினால் போய்விடும், கழுவாமல் வண்ணம் பூசினால் வண்ணத்தின் அடியில் மாட்டிக்கொண்டு மீண்டும் நீரை இழுக்கும். ஆனால் அந்தக் கழிவு நீர் எங்கே போகிறது? கொட்டகைக்குப் பின்னால் ஒரு கான் ஓடுகிறது. அது பெரிய கானில் சேர்ந்து சிலாங்கூர் ஆற்றுக்குப் போகிறது. அந்த ஆற்றங்கரையில், கம்போங் குவாந்தானில், பெரெம்பாங் மரங்களில் இரவுதோறும் மின்மினிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணைகின்றன. மரத்தில் மின்னுவது வளர்ந்த பூச்சி. அதன் புழு வாழ்வது கரையோரச் சேற்றில், சிறு நத்தைகளைத் தின்று. சேற்றில் படியும் எண்ணெயும் கரைப்பானும் அந்த வாழ்விடத்தைத்தான் கெடுக்கும். ஆகவே எஞ்சின் பிசுக்கைத் தட்டில் வடித்து, டின்னில் அடைத்து, பழைய எண்ணெய் வாங்குபவரிடம் கொடுத்தோம். கானை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அதில் விஷம் விடக்கூடாது.

துருவும் துவர்ப்பும்

தளர்ந்த துருவைக் கம்பித் தூரிகையால் எடுக்கலாம். கீல், தாழ்ப்பாள் போன்ற சிறு பாகங்களுக்கு மின்னாற்பகுப்பு நல்ல வழி. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா. துருப்பிடித்த பாகத்தை மின்கலச் சார்ஜரின் எதிர்முனையோடும், ஒரு பழைய இரும்புத் துண்டை நேர்முனையோடும் இணையுங்கள். துருவை உண்டாக்கிய மின்னோட்டத்தைத் திசைமாற்றி ஓட்டுகிறோம். சில மணி நேரத்தில் துரு தளர்ந்து கறுப்பாக உதிரும். திறந்த வெளியில் செய்யுங்கள், வரும் வாயு ஹைட்ரஜன். நேர்முனைக்கு எவர்சில்வர் வேண்டாம். அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரையும். சுருள்வில்லுக்கு இந்த முறை ஆகாது. ஹைட்ரஜன் புகுந்து அதை உடையக்கூடியதாக்கும்.

தூரிகை எட்டாத குழிகளுக்குத் துருமாற்றி. அதில் இரண்டு பொருட்கள் முக்கியம். ஒன்று பாஸ்பாரிக் அமிலம். அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றி உட்காரவைக்கிறது. டெல்லி இரும்புத் தூண் 1,600 ஆண்டுகளாக நிற்பதற்கு, அந்த இரும்பில் மிகுதியாக உள்ள பாஸ்பரஸ் காரணம் என்று கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார், அங்கே தானாக நேர்ந்த காப்பை இங்கே குப்பியிலிருந்து பூசுகிறோம்.

இன்னொன்று டானின், துவர்ப்புப் பொருள். நம் வீடுகளில் இதற்கு நீண்ட பழக்கம் உண்டு. கடுக்காயோடு அன்னபேதியைச் சேர்த்துக் காய்ச்சினால் கறுப்பு மை வரும். கடுக்காயின் டானின் அன்னபேதியின் இரும்போடு சேர்ந்து, நீரில் கரையாத நீலக்கறுப்புப் பொருளாகிறது. துருவின் மேல் டானின் பூசும்போதும் அதேதான் நடக்கிறது. செம்மை போய் கருமை வருகிறது. டானின் வாங்க எங்கேயும் போக வேண்டாம், கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் கண்டல் மரப் பட்டையிலேயே அது நிறைந்திருக்கிறது. மீனவர்கள் அந்தப் பட்டையை ஊறவைத்த நீரில் வலைகளைத் தோய்த்தார்கள், உப்பு நீரில் நூல் அழுகாதிருக்க. பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண்டல் டானின் எஃகின் அரிப்பைக் குறைப்பதை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். கடலோடு வாழப் பழகிய மரம், இரும்புக்கும் அதே பாடத்தைச் சொல்கிறது.

துருமாற்றி ஓட்டையை அடைக்காது. தகடு போன இடத்தில் புட்டி வைத்து மூடினால் அது நீரை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். புதிய சேற்றை நாமே வைத்த கதை. வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைப்பதுதான் நேர்மையான வழி. அதன் மேல் துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரான் கொடுக்கும் உலோகம். ஆகவே கீறல் விழுந்தாலும் முதலில் தான் கரைந்து இரும்பைக் காக்கும். கடைசியாக, குழல்களின் உள்ளே மெழுகுப் பூச்சு, நீண்ட குழாய் வைத்துத் தெளித்தோம்.

“அதுக்கு செம்பனை எண்ணெயே போதாதா மாமா? நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்?” என்று கேட்டேன்.

“கொப்பரையில கெடக்குற எண்ணெய மோந்து பாத்திருக்கியா? ரெண்டு மாசத்துல காறிப்போகும். அத உள்ள ஊத்தாத.”

வேதியியலும் அவர் பக்கம்தான். ஆளி விதை எண்ணெய் காற்றில் ஆக்சிஜனை வாங்கி உறுதியான படலமாக இறுகும். அதன் மூலக்கூற்றில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம். செம்பனை எண்ணெயில் அவை குறைவு. படலமாகாமல் மெல்லக் காறி, அமிலமாக உடையும். அந்த அமிலம் இரும்பைத் தின்னும்.

தங்கவிடக் கூடாத இன்னொன்று

நீர் உள்ளே வரும் வாசலில் காவல் நிற்பது ரப்பர். கண்ணாடியைச் சுற்றியும் கதவைச் சுற்றியும் உள்ள பட்டைகள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. இயற்கை ரப்பரின் நீண்ட சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக இருக்கின்றன. காற்றில் சிறிதளவே உள்ள ஓசோன் அவற்றை ஒவ்வொன்றாக வெட்டுகிறது. இழுத்துப் பிடித்த நிலையில் இருக்கும் பட்டையில், இழுவைக்குக் குறுக்காக வெடிப்பு விழும். சுங்கை பூலோவில் சோதனைத் தோட்டம் வைத்திருந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் தொடங்கிய காலத்திலிருந்து, மலாயாவின் ரப்பரை மேம்படுத்தும் பணியில் இருந்தது. நம் மக்கள் விடியலில் எழுந்து வெட்டிய பால் உலகின் சக்கரங்களைத் தாங்கியது. ஆனாலும் இந்தக் கதவுப் பட்டைக்கு இன்று செயற்கை ரப்பரே தகும். ஈபிடிஎம் என்ற வகையின் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பு இல்லை, ஓசோனுக்கு வெட்ட இடமில்லை.

பட்டை மாற்றியபின் எஞ்சினுக்கு வந்தோம். இதற்கு ரேடியேட்டர் கிடையாது. விசிறி மேலிருந்து காற்றை இழுத்து, உருளைகளின் துடுப்புகள் வழியே கீழே தள்ளுகிறது. நீர் போலவே வெப்பமும் வழி கிடைத்தால் போய்விடும், கிடைக்காவிட்டால் தங்கிக் கெடுக்கும். எவ்வளவு வெப்பம் போகும் என்பது துடுப்புக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. துடுப்பு 180 பாகையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜெர்மனியின் 20 பாகைக் காற்றில் வேறுபாடு 160. நம் நண்பகலின் 33 பாகையில் 147. எட்டு விழுக்காடுதான் குறைகிறது, எஞ்சின் தாங்கிக்கொள்ளும். ஆனால் எஞ்சினைச் சுற்றி, மேல்காற்றையும் கீழ்காற்றையும் பிரிக்கும் ஒரு ரப்பர் பட்டை உண்டு. அது இல்லாவிட்டால், துடுப்பைத் தொட்டுச் சூடான காற்றே மீண்டும் மேலேறி விசிறிக்குள் போகும். உள்ளே வரும் காற்று 80 பாகை என்றால் வேறுபாடு 100. வெளியேறும் வெப்பம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எங்கள் வேனில் அந்தப் பட்டையே இல்லை. துடுப்புகளுக்கு இடையே எண்ணெயும் தூசியும் களிமண்ணாக இறுகியிருந்தன. வெப்பத்தின் கானும் அடைபட்டிருந்தது.

பெட்ரோல் குழாய்களை, நன்றாக இருப்பது போலத் தெரிந்தவற்றையும் சேர்த்து, எல்லாவற்றையும் மாற்றினோம். இந்த 1600 சிசி எஞ்சினின் கூடு மக்னீசியக் கலப்பு உலோகம். வெடித்த குழாயிலிருந்து சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டித் தீப்பிடித்து, மக்னீசியம் பற்றிக்கொண்டால், தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. எரியும் மக்னீசியம் நீரிலிருந்தே ஹைட்ரஜனைப் பிரித்து இன்னும் கொழுந்துவிடும். பழைய வண்டியில் செலவைக் குறைக்கக் கூடாத இடம் அந்த இரண்டு முழக் குழாய்.

வண்ணத்தை மட்டும் புதிதாக்கவில்லை. முழுப் பூச்சும் சேர்ந்து சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு மெருகேற்றலும் அதில் கொஞ்சத்தைத் தேய்த்தெடுக்கிறது. தேய்த்த துணியில் வண்ணம் ஒட்டியபோது என் அக்கா பதறினார். அக்கால வண்ணத்துக்கு மேல் தனியே கண்ணாடிப் பூச்சு இருக்காது, ஆகவே மேலே வெளிறிய வண்ணமே துணியில் வருகிறது என்றேன். அடியில் பழைய மஞ்சள் பளிச்சென்று இருந்தது. அதை அப்படியே விட்டோம்.

வேலை முடிந்த வாரத்தில், ஒரு மாலை மேற்கே கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மாமா வேனைக் கொட்டகைக்குள் விடச் சொல்வார் என்று நினைத்தேன். “வெளிய எடுத்து நிறுத்து” என்றார். சிலாங்கூர் மழை, அரை மணி நேரம் கொட்டியது. மழை விட்டதும் அவர் சாக்கை எடுத்துவரவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, குனிந்து, வண்டியின் அடியை மட்டும் பார்த்தார். கதவுகளின் அடியில், தரைக் குழல்களின் அடியில், முகப்பின் அடியில், சுண்ணாம்புக் குறி இருந்த ஒவ்வோர் இடத்திலிருந்தும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாமா விரல் நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்து, கம்பியைத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.